இன்ஜின் பெட்டியில் ஒரு பொட்டு

1

“பொண்ணு இன்ஜினத் தொறந்து பாத்து என்னா சொல்லப்போவுது? ஹாரன் அடிக்குது, அடிக்கலன்னா?”

என் தாய்மாமன் ஏழுமலை இதைச் சொன்னபோது எனக்குப் பதினேழு வயது. கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் ரோட்டில் அவருக்கு ஒரு ஷெட் இருந்தது. இரண்டு கார்களை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பிளஸ் டூ மார்க் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஷெட்டில் போய் நின்று, சிதம்பரத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேரப்போகிறேன் என்று சொன்னேன். அங்கே இருந்த நாலு ஆம்பிளைகளும் சிரித்தார்கள்.

“ஒங்க வண்டி ஏன் கரும்பொகை கக்குதுன்னு நா சொல்லட்டா மாமா?” என்று கேட்டேன்.

சுவரில் ஆணியில் தொங்கிய பழைய ஃபேன் பெல்ட்டை உருவி என் முதுகில் இரண்டு தரம் வீசினார். அந்த பெல்ட்டின் உள்பக்கம் பல் பல்லாக இருக்கும். சுடிதாரோடு சேர்த்துத் தோல் கிழிந்தது. பத்து நாள் குப்புறப் படுத்துத்தான் தூங்கினேன். பதினோராவது நாள் கவுன்சிலிங்குக்குப் போனேன்.

எங்கள் வீட்டில் படித்து முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் கிடையாது. அப்பா நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே இறந்துவிட்டார். அதிலிருந்து அம்மாவும் நானும் மாமா வீட்டின் பின்கட்டில் இருந்தோம். அம்மா அஞ்சலை முந்திரிக்கொட்டை உடைப்பவர். மரக்கட்டையால் ஒரே போடு, பருப்பு முழுசாக வெளியே வரவேண்டும். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவருடைய விரல் நுனிகளில் தோல் வெந்து உரிந்து, ரேகையே இல்லாமல் போய்விட்டது. கையெழுத்தும் போட வராது. ரேஷன் கடை மெஷின் அவர் விரலை ஏற்பதில்லை. “ஆளே இல்லன்னுதாம்மா மெஷின் சொல்லுது” என்று கடைக்காரர் சொன்னபோது, “அப்ப ஒன் எதுத்தாப்புல நிக்கிறது பேயா?” என்று கேட்டவர் அம்மா.

அந்த விரல்கள் உடைத்த கொட்டையில்தான் நான் படித்தேன்.

2

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துக்கு நான் வந்து போன வாரத்தோடு மூன்று வருடம் ஆகிவிட்டது. விபத்தில் சிக்கிய கார்களைப் பரிசோதித்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதித் தரும் ஒரு நிறுவனத்தில் இன்ஜினியராக இருக்கிறேன். காலை ஏழரைக்கு இரும்பு மூக்கு வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு யார்டுக்குள் போவேன். நசுங்கியது, எரிந்தது, பாதியாகக் கிழிந்தது என்று வரிசையாக நிற்கும். டீசல் வாடையும் ஏர்பேக் வெடித்த பொடியின் வாடையும் காய்ந்த ரத்தத்தின் வாடையும் சேர்ந்து அடிக்கும். முதல் மாதம் ஒரு காரின் பின்சீட்டில், குழந்தை நாற்காலிக்கு அடியில், ஒற்றைச் செருப்பைப் பார்த்தேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை. இப்போது சாப்பிடுகிறேன்.

ஆரம்பத்தில் என் இங்கிலீஷ் எனக்கே விரோதியாக இருந்தது. முதல் அறிக்கையில், “டிக்கி முழுவதும் நசுங்கிவிட்டது, ஸ்டெப்னியைக் காணவில்லை” என்று எழுதிக் கொடுத்தேன். என் மேலாளர் லிண்டா கையில் தாளோடு ஓடிவந்தார். “யார் அந்த டிக்கி? உயிரோடு இருக்கிறாரா? ஸ்டெப்னி லண்டனில் ஒரு பேட்டை அல்லவா, எப்படிக் காணாமல் போகும்?” என்று கேட்டார். கடலூரில் எந்த மெக்கானிக்குக்கும் சட்டென்று புரிகிற இரண்டு வார்த்தைகள் இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

என் வேலையில் பாதி, டீசல் கார்களில் செய்யப்படும் ட்யூனிங்கைக் கண்டுபிடிப்பது. இப்போதைய டீசல் காரில் இன்ஜினுக்கு எவ்வளவு டீசல் போகவேண்டும், டர்போ எவ்வளவு காற்றை அழுத்தவேண்டும் என்பதையெல்லாம் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி முடிவுசெய்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் லேப்டாப்பைச் சொருகி, கார் கம்பெனி எழுதி வைத்ததை எடுத்துவிட்டு வேறு ஒன்றை எழுதலாம். நம் ஊரில் ‘சிப் போடுறது’ என்பார்கள். பெரும்பாலும் சிப் எதையும் போடுவதில்லை. ஒரு ஸ்க்ரூகூடக் கழலாமல், ஆக்சிலரேட்டரில் காலை வைத்ததும் வண்டி சீறிக்கொண்டு கிளம்பும். பிரேக் அதே பழைய பிரேக், டயர் அதே பழைய டயர். ஓட்டுகிற காலுக்கு மட்டும் திமிர் பிடித்துக்கொள்ளும்.

இதை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லிவிட்டுச் செய்தால் இங்கே பிரீமியம் கொஞ்சம் ஜாஸ்தியாகும். சில கம்பெனிகள் முடியாது என்று கைவிரிக்கும், வேறு கம்பெனி பார்க்கவேண்டும். சொல்லாமல் செய்து விபத்தானால், உங்கள் காருக்குப் பணம் எதுவும் வராது. எதிரில் அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு, பிறகு உங்கள் கழுத்தில் துண்டைப் போடும். நம் ஊரிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கும். அங்கே ஆர்.டி.ஓ.வின் ஒப்புதலும் வேண்டும். கார் வைத்திருக்கும் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள், லேப்டாப்பில் செய்ததை யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று நினைக்கிறார்கள்.

அந்த ‘யார்’ நான்தான்.

3

மூன்று வருடம் ஆன அந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை, ஒரு வாடிக்கையாளர் என்னைக் கொல்லப் பார்த்தார்.

முப்பது வயது இருக்கும். அவருடைய டீசல் காரில் ட்யூனிங் இருந்ததை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். கம்பெனி கைவிரித்துவிட்டது. காருக்குள் இருந்த சாமான்களை எடுத்துப்போக யார்டுக்கு வந்தவர், என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார். அறிக்கையில் இருந்த பெயர்தான் அது என்று புரிந்துவிட்டது. டிக்கியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்தார். என் தலைக்கு ஒரு சாண் தள்ளி அது கார்க் கண்ணாடியில் இறங்கியது.

“உன்னை மாதிரி ஒருத்திக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?” என்று இங்கிலீஷில் கத்தினார்.

இரண்டாவது அடி கதவில் விழுந்தது. மூன்றாவதற்குக் கை ஓங்கும்போது நான் நகரவில்லை. துணிச்சல் என்று நினைக்காதீர்கள். அடி விழப்போகிறது என்றால் அசையாமல் நிற்பதற்கு என் உடம்பு சின்ன வயதிலேயே பழகியிருந்தது. மாமா வீட்டில் ஓடினால் அடி இரண்டு மடங்காகும்.

யார்டு ஆட்கள் மூன்று பேர் பின்னாலிருந்து விழுந்து அவரை அமுக்கினார்கள். அவர் முகம் ஜல்லியில் தேய்ந்து ரத்தம் வந்தது. என் தலைமுடியிலிருந்து கண்ணாடித் துகள்களை லிண்டா பேன் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்தார்.

ஒரு பெண் போலீஸ் வந்து ஒரு படிவம் கொடுத்தார். ஏழு பக்கம். அதில் ஒரு கேள்வி: ‘இந்தச் சம்பவம் உங்களுக்கு எப்படிப்பட்ட உணர்வைத் தந்தது?’ வெகுநேரம் யோசித்து, ‘பழக்கமானது’ என்று எழுதினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “வேறு வார்த்தை வேண்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

4

வியாழக்கிழமை மதியம் மாமா போன் செய்தார். மூன்று வருடத்தில் அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

“ஏ ரேவதி, நல்லாருக்கியா? சாப்ட்டியா?”

அவர் சாப்பிட்டாயா என்று கேட்டதுமே ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

“என்னா மாமா விஷயம்?”

“ஒண்ணுமில்ல. வண்டி ஒரு சின்ன ஆக்சிடன்ட்டு ஆயிப்போச்சு. செம்மங்குப்பத்தாண்ட. நா நாப்பதுலதான் போறேன். அந்தப் புள்ள ஸ்கூட்டியில குறுக்க வந்து உழுந்துட்டுது.”

“எந்தப் புள்ள? எப்பிடி இருக்குது?”

“கெமிக்கல் கம்பெனில வேலைக்குப் போற புள்ள. கால எடுத்துட்டாங்க. உசுரு இருக்குது இல்ல? காலனிப் புள்ள. அதுங்க ஆளுங்க கூட்டமா வந்து என் ரெண்டு பல்ல ஒடச்சிட்டானுங்க, வண்டி கண்ணாடி ஒண்ணு பாக்கி இல்ல. அத யாரு கேக்குறது?”

உடைந்த பல்லின் வழியாகக் காற்று போகும் சத்தம் எனக்குக் கேட்டது. பாவமாக இல்லை.

“சரி, நா என்னா பண்ணணும்?”

“ஒரு லெட்டரு குடு. இன்ஜினு கம்பெனியில குடுத்தாப்புலயே இருக்குது, எதுவும் மாத்தலன்னு. நீ இன்சூரன்ஸ் இன்ஜினியரு, வெள்ளக்காரன் கம்பெனி சீலு இருந்தா இங்க எவனும் வாயத் தொறக்க மாட்டான். வண்டியப் பாக்க வர்ற இன்சூரன்ஸ் சர்வேயரு ஈமெயிலு அனுப்புறேன், நேரா அவனுக்கே போட்டுடு. போட்டோவும் அனுப்புறேன், பாத்துக்க.”

“நா வண்டியப் பாக்கவே இல்லியே மாமா.”

“அதான் போட்டோ அனுப்புறன்ல!”

என்னை ஹாரன் சத்தம் கேட்கத்தான் லாயக்கு என்ற மனிதர், ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தே அவருடைய இன்ஜினுக்கு நான் சான்று தரவேண்டும் என்கிறார். அந்த ஒரு நிமிடம் எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்ததை மறைக்க மாட்டேன். அதற்காக அப்புறம் வெட்கப்பட்டேன்.

அம்மாவைப் போனில் தனியாகக் கூப்பிட்டேன். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“நா போயி பாத்துட்டு வந்தேன் கண்ணு. ஒம்மாமனுக்குத் தெரியாது. கடலூரு பெரியாஸ்பத்திரியில இருக்குது. அருள்மேரின்னு பேரு. இருவத்திரெண்டு வயசு. கெமிஸ்ட்ரி படிச்சிருக்குதாம். அவுங்க ஊட்லயே அதுதான் மொதப் படிப்பு.”

“அம்மா...”

“கேளு. அவுங்கம்மா சொல்லுது, எம்பொண்ணு ரோட்டத் தாண்டச்சொல்ல நாலு தரம் திரும்பிப் பாப்பா, அவ குறுக்க போனான்னு போலீசுல எழுதப் பாக்குறாங்கன்னு. நா யாருன்னு சொல்லல. சொல்ல வாய் வரல. வண்டி இடிச்ச வேகத்துல அந்தப் புள்ளயோட செருப்பு காரு முன்னாடி கம்பியிலயே மாட்டிக்கினு இருந்துச்சாம். செருப்புக்குள்ள...” நிறுத்திக்கொண்டார். “அத விடு. நாப்பதுல போற வண்டி அப்பிடி இடிக்குமா கண்ணு?”

இடிக்காது. இதைச் சொல்ல இன்ஜினியரிங் தேவையில்லை.

மாமா அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. அருள்மேரி குறுக்கே வந்தாள் என்று பதிவாகிவிட்டால் குற்றமும் அவள் தலையில் விழும், நஷ்டஈடும் சுருங்கும். மாமாவுக்குக் காருக்கான இன்சூரன்ஸ் பணமும் கிடைக்கும், வழக்கும் கரையும். நடுவில் இருந்தது ஒரே ஒரு கேள்வி: அந்த இன்ஜினில் கை வைக்கப்பட்டதா? வைத்தது தெரிந்துவிட்டால், அந்த வண்டி எவ்வளவு வேகத்தில் வந்தது என்று தோண்டுவார்கள்.

5

பதினான்கு போட்டோக்கள் வந்தன. யார்டில் ஒரு டயர்மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் இன்ஜின்வரை உள்ளே போயிருந்தது. ரேடியேட்டரில் இளநீலத் துப்பட்டாவின் நூல்கள் சுற்றியிருந்தன. கண்ணாடியெல்லாம் ஊர்க்காரர்கள் உடைத்தது. கல்லின் அடையாளம் வேறு, இடித்ததன் அடையாளம் வேறு. இதுவரை நான் தினம் பார்ப்பதுதான்.

ஒன்பதாவது போட்டோவில் கை நின்றது. பானெட்டைத் திறந்து எடுத்தது. இடித்ததில் ஒரு பிளாஸ்டிக் மூடி உடைந்து விலகியிருந்தது. அந்த மூடிக்குக் கீழேதான் இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கும். பெட்டியின் அலுமினிய முதுகில் காய்ந்து வெடித்த சந்தனம். நடுவில் குங்குமம்.

நம் ஊர் வண்டிகளில் பொட்டு எங்கெல்லாம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு ஸ்டீயரிங்கில், பேட்டரியில், ஏர் ஃபில்டரில், நம்பர் பிளேட்டில் வைப்போம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத மூடியைக் கழற்றி, அதற்குள் இருக்கும் பெட்டிக்கு யாரும் வைப்பதில்லை. யாரோ அந்தப் பெட்டியைத் தேடி வைத்திருக்கிறார்கள். மாமா ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் எந்த வேலை பார்த்தாலும், எந்தப் பாகத்தில் கை வைத்தார்களோ அந்தப் பாகத்துக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் வண்டியை வெளியே எடுப்பார்கள்.

எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவை நான் ஒரு வருடமாகச் சத்தமில்லாமல் வைத்திருக்கிறேன். திறப்பதே இல்லை. அன்று திறந்து பின்னோக்கிப் போனேன். பிறந்தநாள் கேக், காதுகுத்து, பலாப்பழத்தோடு ஒரு சித்தப்பா, எல்லாம் தாண்டி, விபத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் மாமா போட்ட ஒரு வீடியோ கிடைத்தது. ‘நம்ம வண்டிக்கு சிப் போட்டாச்சு’ என்று எழுதி, மூன்று நெருப்புப் படம்.

வீடியோவில் லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்த ஆளிடம் மாமா கேட்கிறார்: “ஏம்பா, என்னா பார்ட்டு மாத்துன? எதுக்குப் பொட்டு வக்கிறது?”

“பார்ட்டு எதுவும் மாத்தலண்ணா. சாஃப்ட்வேருதான்.”

“அதுக்குன்னு பொட்டு வக்காம வண்டிய எடுக்கச் சொல்றியா? அது எங்க இருக்குது, காட்டு.”

பின்னாலிருந்து மாமாவின் சிநேகிதர் ஒருவர் கத்துகிறார்: “மச்சான், அப்பிடியே லேப்டாப்புக்கும் ஒண்ணு வெய்யி!”

எல்லாரும் சிரிக்கிறார்கள். மூடி கழல்கிறது. மாமாவின் கட்டைவிரல் பெட்டியில் சந்தனத்தை அழுத்துகிறது. பிறகு எலுமிச்சம்பழம் நசுங்குகிறது, வண்டி சீறுகிறது, பின்னால் கரும்புகை. “சிதம்பரத்துக்கு எத்தன நிமிஷம்னு பாரு இனிமே!” என்கிறார் மாமா.

நானும் சிரித்துவிட்டேன். சிரித்தவாறே ஒன்பதாவது போட்டோவுக்குத் திரும்பினேன். அந்தத் துப்பட்டா நூல் அதிலும் இருந்தது.

விபத்துக்கு அடுத்த நாளே அந்த லேப்டாப் ஆளை வரவழைத்து, கார் கம்பெனி எழுதியிருந்த பழைய கணக்கையே திரும்ப எழுதவைத்திருக்கிறார் மாமா. இதை அம்மா சொன்னார். சுத்தமாக மறைத்துவிட்டதாக அவர்களுக்கு நினைப்பு. எத்தனை முறை எழுதப்பட்டது என்பதைப் பல பெட்டிகள் தமக்குள்ளேயே குறித்து வைத்திருக்கும். அது அவர்களுக்குத் தெரியாது. பொட்டு இருப்பது தெரியும். ஆனால் வைத்த பொட்டைத் துடைக்க மாமாவுக்குக் கை வந்திருக்காது. அவர் பார்வையில் அது வண்டிக்குக் காவல். அதைப் போய்ச் சாட்சி என்று எப்படி நினைப்பார்?

6

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் நானே வீடியோ காலில் கூப்பிட்டேன். இந்தியாவில் சாயங்காலம். அம்மா பின்கட்டு வாசலில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். மாமா அம்மாவின் போனைப் பிடுங்கினார். உதடு வீங்கியிருந்தது.

“லெட்டரு போட்டுட்டியா?”

“போட முடியாது மாமா. வண்டியில ட்யூனிங் பண்ணியிருக்கீங்க. பெட்டியில நீங்க வச்ச பொட்டே போட்டோல தெரியுது.”

ஒரு நொடி அவருக்குப் புரியவில்லை. “பொட்டா? பொட்டு வச்சா என்னாடி குத்தம்?”

“பொட்டு குத்தமில்ல. பொய் குத்தம். நீங்களே போயி சொல்லிடுங்க. சொன்னீங்கன்னா வண்டிக் காசு மட்டுந்தான் போவும். அந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்க.”

“எவளோ ஒருத்திக்காக என்னக் கோர்ட்டுல நிக்க வப்பியா நீ? ஒனக்கும் ஒங்கம்மாளுக்கும் பதினெட்டு வருசம் எடம் குடுத்தேன்டி!”

“அம்மா கொட்டை ஒடச்சிதான் சோறு போட்டாங்க மாமா. நீங்க குடுத்தது எடமும் பெல்ட்டடியும்.”

அவர் போனைப் பார்த்துக்கொண்டே அம்மாவை அறைந்தார். என்னை அறைய முடியாததால் அறைந்தார். அம்மாவின் தலை சுவரில் போய் இடித்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. “எழுது! எழுதுறியா இல்லியா?” என்று கத்தியபடி மறுபடி அடித்தார். அம்மாவின் வாயிலிருந்து வழிந்தது முந்திரிக்கொட்டைக் குவியல்மேல் சொட்டியது. நான் யார்டின் நடுவில் நின்று, “விடு! விடுய்யா அவங்கள!” என்று தமிழில் அலறினேன். அவரிடம் அதற்கு முன் நான் ஒருமையில் பேசியதே இல்லை.

போன் கை நழுவித் தரையில் விழுந்தது. எனக்கு உத்தரத்துக் கம்பியும் அதில் காய்ந்த ஒரு துண்டும் மட்டுமே தெரிந்தன. மூச்சு வாங்கும் சத்தம். கொட்டை சிதறும் சத்தம். பிறகு ஒரே ஒரு போடு. சின்ன வயதிலிருந்து நான் கேட்டு வளர்ந்த சத்தம், மரக்கட்டை இறங்கும் சத்தம். இந்தத் தடவை உடைந்தது கொட்டை இல்லை. மாமா மாடு கத்துவதுபோலக் கத்தினார்.

நான் எத்தனை முறை “அம்மா” என்று கூப்பிட்டேன் என்று தெரியாது. லிண்டா வந்து என் தோளைப் பிடித்திருந்தார். கடைசியில் அம்மாவின் முகம் திரையில் வந்தது. கீழுதடு பிளந்திருந்தது. கட்டை இன்னும் கையில் இருந்தது.

“மணிக்கட்டுலதான் போட்டேன். தலையில போடல” என்றார். பின்னால் மாமா புலம்பிக்கொண்டிருந்தார். அம்மா திரும்பி, “கூவாதடா, மறு கையும் இருக்குது” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “கண்ணு, நீ பாத்தத எழுதி அனுப்பு. எனக்காவப் பாக்காத. நா இங்க இருக்கப்போறதில்ல.”

7

அன்று சாயங்காலமே அம்மா கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சிதம்பரம் பஸ் ஏறினார். கையில் ஒரு பை. பைக்குள் இரண்டு புடவையும் அந்தக் கட்டையும். அண்ணாமலை நகரில் நான் படித்தபோது சாப்பிட்ட மெஸ்ஸை நடத்தும் பத்மா அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “எனக்கே சமையலுக்கு ஆளு இல்லாம திண்டாடிக்கினு இருக்கேன், வரச் சொல்லு. உதட்டுக்கு மொதல்ல தையல் போட்டுக்கலாம்” என்றார். மறுநாள் அம்மா பேசும்போது, பஸ் செம்மங்குப்பத்தைத் தாண்டும்போது எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். ரோட்டோரத்தில் கண்ணாடித் தூள் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்ததாம்.

நான் லிண்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் விசா இந்த வேலையைப் பிடித்துத் தொங்குகிறது. கம்பெனியின் தலைப்புத்தாளைச் சொந்த விஷயத்துக்குத் தொட்டால் வேலையும் போகும், நாடும் போகும். லிண்டா கேட்டுவிட்டு, “எங்கள் தாளில் எழுதாதே. வெள்ளைத்தாளில், உன் பெயரில், உன் படிப்பை மட்டும் போட்டு எழுது” என்றார். ட்யூனிங் இல்லை என்று பொய் எழுதக் கம்பெனி சீல் கேட்டார் மாமா. உண்மையை எழுத என் பெயரே போதுமாக இருந்தது.

இரண்டு பக்கம் எழுதினேன். வண்டியை நேரில் பார்க்கவில்லை என்பதை முதல் வரியிலேயே சொன்னேன். ஒன்பதாவது போட்டோவில் தெரியும் பொட்டு எங்கே இருக்கிறது, அங்கே கை போகவேண்டுமென்றால் எதைக் கழற்றவேண்டும் என்று எழுதினேன். வீடியோவை இணைத்தேன். பெட்டியில் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள், ஏர்பேக் பெட்டியில் கடைசி நொடிகளின் வேகம் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு, வண்டி ஷெட்டை விட்டு நகர்வதற்குள் இரண்டையும் கைப்பற்றுங்கள் என்று எழுதினேன். வண்டியின் சொந்தக்காரர் என் தாய்மாமன் என்பதையும் எழுதினேன். அம்மாவின் உதட்டைப் பற்றித் தனியாக ஒரு புகார். அதை பத்மா அக்கா அம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போய்க் கொடுத்துவிட்டார். கைரேகை வைக்கச் சொன்னார்களாம். மை தேய்த்துத் தேய்த்து மூன்று தாள் வீணானதாம். “ரேகை இல்லன்னா என்ன, அடி வாங்குன வாய் இருக்குது, எழுதிக்குங்க” என்றாராம் அம்மா.

குழுவில் சொந்தக்காரர்கள் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவள், நாலு எழுத்துப் படித்த திமிர், வெள்ளைக்காரன் சோறு. வீடியோவை அழிக்கச் சொல்லி மாமாவுக்கு ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முந்தையதை எல்லார் போனிலிருந்தும் அவரால் அழிக்க முடியாது. திமிர் என்று அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. பதினேழு வயதில் முதுகில் வாங்கிச் சேர்த்தது அது.

கடிதத்தை இன்று காலை, யார்டுக்குள் போவதற்கு முன்பே அனுப்பிவிட்டேன். சர்வேயருக்கு, கேஸை விசாரிக்கும் இன்ஸ்பெக்டருக்கு, ஆஸ்பத்திரியில் இருக்கும் அருள்மேரிக்கு. நேரில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் வருகிறேன் என்று கடைசி வரியில் எழுதி, லீவுக்கும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். சர்வேயரின் ஈமெயில் முகவரியை எனக்குக் கொடுத்தவர் மாமாதான்.

அவருக்கும் ஒரு நகல் அனுப்பினேன், வாட்ஸ்அப்பில், கூடவே மூன்று வரி. பார்த்துவிட்டார், நீல டிக் விழுந்திருக்கிறது.

‘இன்ஜினத் தொறந்து பாத்துட்டேன் மாமா. ஹாரன் நல்லா அடிக்கிது. மீதிய சர்வேயருக்குச் சொல்லிட்டேன்.’